குடிநீரா, கழிப்பறையா, சோப்பா: ஊராட்சிப் பணத்தை முதலில் எதில் போடுவது?

ஊராட்சிக் கணக்கில் மானியம் வந்துவிட்டது என்ற செய்தி எப்படித்தான் வெளியே போகுமோ, அடுத்த வாரமே தலைவரைத் தேடி ஆட்கள் வந்துவிடுவார்கள். ஒருவர் ஆர்.ஓ. பிளான்ட் (சவ்வு வழியாகத் தண்ணீரைச் சுத்திகரிக்கும் இயந்திரம்) படம் போட்ட பளபளக்கும் நோட்டீஸோடு வருவார். ஒருவர் புது போர் போட ரிக் வண்டி பக்கத்து ஊரிலேயே நிற்கிறது என்பார். இன்னொருவர் பொதுக் கழிப்பறைக்கு எஸ்டிமேட்டைக் கையோடு கொண்டுவருவார். எல்லாரும் சொல்லும் காரணம் ஒன்றுதான்: மக்கள் ஆரோக்கியம். பிளீச்சிங் பவுடர் வாங்குங்கள், டேங்க் ஆபரேட்டருக்குச் சம்பளத்தைக் கூட்டுங்கள் என்று சொல்லிக்கொண்டு மட்டும் யாரும் வருவதில்லை. அதில் யாருக்கும் லாபம் இல்லை.

2021 முதல் 2026 வரையிலான 15-ஆவது நிதிக்குழு, ஊராட்சிகளுக்கான மானியத்தில் 60 சதவீதத்தைக் குடிநீருக்கும் சுகாதாரத்துக்கும் என்றே கட்டிவைத்தது. அதில் பாதி குடிநீர், மழைநீர் சேகரிப்பு, நீர் மறுசுழற்சிக்கு. மறுபாதி துப்புரவுக்கும், திறந்தவெளியில் மலம் கழிக்காத நிலையைக் காப்பதற்கும். ஆக, பணம் இல்லை என்ற பேச்சு பாதிதான் உண்மை. எதில் போட்டால் நோய் குறையும் என்பதில்தான் குழப்பம். கிராம சபையில் இதைப் பேசும்போது ஒவ்வொருவரும் தன் தெருவில் இல்லாததைக் கேட்பார்கள். நோயைப் பற்றிய கணக்கை யாரும் போடுவதில்லை. அந்தக் கணக்கைப் போட்டுப் பார்ப்பதுதான் இங்கே வேலை.

மனத்தில் வைத்திருப்பது ஒரு சாதாரணத் தமிழ்நாட்டு ஊராட்சி. முந்நூறு நானூறு வீடுகள் கொண்ட தாய்க் கிராமம், கொஞ்சம் தள்ளி ஒரு காலனி, இரண்டு மேல்நிலைத் தொட்டிகள், உள்ளூர் போர் தண்ணீரும் கூட்டுக் குடிநீரும் கலந்து வரும் குழாய், பெரும்பாலான வீடுகளில் 12,000 ரூபாய் மானியத்தில் கட்டிய கழிப்பறை. மலைக்கிராமத்துக்கும் கடலோரத்துக்கும் கணக்கு கொஞ்சம் மாறும்.

விலையை வைத்து ஒப்பிடுவது சுலபம், ஆனால் அது நம்மை ஏமாற்றிவிடும். நான் பார்ப்பது வேறு ஒன்றை: இந்தத் திட்டம் வேலை செய்ய வேண்டுமென்றால் தினமும் எத்தனை பேர் தவறாமல் ஒரு காரியத்தைச் செய்ய வேண்டும்? தொட்டியில் குளோரின் கலக்க ஒரே ஒரு ஆள் போதும். வீட்டில் தண்ணீரைக் காய்ச்சவோ வடிகட்டவோ முந்நூறு வீட்டிலும் ஒவ்வொருவர் வேண்டும். அந்த ஒவ்வொருவரும் பெண்ணாகத்தான் இருப்பார் என்பதைத் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை. கழிப்பறை என்றால் ஊரிலுள்ள ஆயிரத்துச் சொச்சம் பேரும். கை கழுவுவது என்றால் அதே ஆயிரம் பேர், ஒவ்வொருவரும் நாளைக்கு ஐந்தாறு தடவை. ஆள் கூடக் கூட, எங்கோ ஓரிடத்தில் விட்டுப்போகும்.

விட்டுப்போனால் என்ன என்று கேட்கலாம். இந்த விஷயத்தில் "முக்கால்வாசி செய்தோம்" என்பதற்கு முக்கால்வாசிப் பலன் கிடைக்காது. சுத்திகரிப்பு வருடத்தில் சில நாட்கள் நின்றுபோனாலே அந்த வருடம் முழுவதும் கிடைத்திருக்க வேண்டிய நன்மையில் பெரும்பகுதி போய்விடும் என்று 2009-இல் வெளிவந்த ஒரு கணிப்பு காட்டியது. யோசித்தால் நியாயம்தான். டைபாய்டு வர ஒரு நாள் கெட்ட தண்ணீர் குடித்தால் போதும். மற்ற நாளெல்லாம் நல்ல தண்ணீர் குடித்தது அதற்கு ஈடாகாது. மோசமான குடிநீர், துப்புரவு, கை சுத்தம் இவற்றால் 2019-இல் மட்டும் உலகம் முழுக்கச் சுமார் 14 லட்சம் பேர் இறந்ததாக உலக சுகாதார நிறுவனத்தின் மதிப்பீடு சொல்கிறது.

தொட்டியில் குளோரின்

இருப்பதிலேயே மலிவு இதுதான். ஒரே ஒருவரை நம்பியிருப்பதும் இதுதான்.

பிளீச்சிங் பவுடர் போடும் முறையில்தான் விஷயம் இருக்கிறது. நல்ல பவுடரில் மூன்றில் ஒரு பங்குதான் குளோரின்; மிச்சத்தில் பெரும்பகுதி சுண்ணாம்பு. 30,000 லிட்டர் தொட்டிக்கு லிட்டருக்கு ஒரு மில்லிகிராம் என்று கணக்குப் போட்டால் 30 கிராம் குளோரின் வேண்டும், அதாவது 90 கிராம் பவுடர். வாய் திறந்து கிடந்த பழைய மூட்டை என்றால் வீரியம் போயிருக்கும், அதற்கேற்பக் கூட்ட வேண்டும். அதைப் பிளாஸ்டிக் வாளியில் போட்டு, கொஞ்சமாகத் தண்ணீர் விட்டுக் குழைத்து, அப்புறம் வாளி நிறையத் தண்ணீர் ஊற்றிக் கலக்கி அரைமணி நேரம் ஓரமாக வைத்தால் சுண்ணாம்பு அடியில் படியும். மேலே தெளிந்து நிற்பதை மட்டும் தொட்டியில் ஊற்றி, மோட்டார் போட்டு நிரப்ப வேண்டும். நிரம்பிய பிறகும் இன்னொரு அரைமணி பொறுத்துத்தான் வால்வைத் திறக்க வேண்டும். கிருமி சாக அவ்வளவு நேரம் பிடிக்கும்.

பல ஊர்களில் நடப்பது வேறு. ஏணியில் ஏறி, கையால் அள்ளி, பவுடரை அப்படியே தொட்டிக்குள் கொட்டிவிட்டு இறங்கிவிடுவார்கள். அன்று முதல் தெருவில் பிடிக்கும் குடத்தில் வாடை மூக்கைத் துளைக்கும்; கடைசித் தெருவில் குளோரினே இருக்காது. "அண்ணே, மருந்தைக் கொஞ்சம் கம்மியாப் போடுங்க, சோறே வாடை அடிக்குது" என்று நாலு வீட்டில் சொன்னால் ஆபரேட்டர் அடுத்த வாரம் போடுவதையே விட்டுவிடுவார். போட்டால் திட்டு, போடாவிட்டால் கேள்வியே இல்லை என்ற வேலையில் யார்தான் போடுவார்கள்? அதிலும் அவருக்குக் கிடைக்கும் சம்பளத்தைப் பார்த்தால், காலையில் மோட்டார் போட்டுவிட்டுக் கொத்து வேலைக்குப் போகிறவரைக் குறை சொல்ல மனம் வராது.

இதைச் சரிபார்க்கும் கருவியும் மலிவானது. குளோரோஸ்கோப் என்ற சின்னப் பெட்டி. கண்ணாடிக் குழாயில் தண்ணீர் பிடித்து இரண்டு மூன்று சொட்டு மருந்து விட்டால் மஞ்சள் நிறம் வரும். நிறம் எவ்வளவு அடர்த்தியோ அவ்வளவு குளோரின். இந்தியத் தர நிர்ணயப்படி குழாயில் வரும் தண்ணீரில் லிட்டருக்குக் குறைந்தது 0.2 மில்லிகிராம் மீதக் குளோரின் (கிருமியைக் கொன்ற பிறகும் தண்ணீரில் மிச்சமிருக்கும் குளோரின்) இருக்க வேண்டும். முக்கியம் என்னவென்றால் இதைத் தொட்டிக்குக் கீழே நின்று பார்க்கக் கூடாது. கடைசித் தெருவின் கடைசிக் குழாயில் பார்க்க வேண்டும். கூட்டுக் குடிநீர்தானே, அங்கேயே சுத்தம் செய்துதானே அனுப்புகிறார்கள் என்று விட்டுவிடவும் முடியாது. பல கிலோமீட்டர் தாண்டி வருவதற்குள் அங்கே போட்ட குளோரின் கரைந்துபோயிருக்கும். இங்கே உள்ளூர் போர் தண்ணீரோடு கலக்கும்போது மிச்சமும் போய்விடும்.

பலன் உண்டா? பொருளாதார நோபல் பெற்ற மைக்கேல் கிரெமரும் அவருடைய குழுவினரும் தண்ணீர்ச் சுத்திகரிப்புச் சோதனைகள் 15-ஐ ஒன்றுசேர்த்துப் பார்த்தபோது, ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகளின் இறப்பு சுமார் கால்பங்கு குறைந்திருந்தது. அந்தச் சோதனைகளில் பெரும்பாலானவை குளோரின் போட்டவை. இத்தனை சின்னச் செலவுக்கு இவ்வளவு பெரிய பலன் சுகாதாரத் துறையில் அபூர்வம்.

ஆனால் எதிர்ச்சாட்சியும் உண்டு, அதை மறைக்கக் கூடாது. வங்கதேசக் கிராமங்களில் ஐந்தாயிரத்துக்கும் மேற்பட்ட கர்ப்பிணிகளின் குடும்பங்களை வைத்து நடந்து, 2018-இல் முடிவு வெளியான பெரிய சோதனையில், குளோரின் மாத்திரை மட்டும் கொடுத்த பிரிவில் வயிற்றுப்போக்கு சொல்லும்படியாகக் குறையவில்லை. எதுவும் கொடுக்காத பிரிவில் 5.7 சதவீதமாக இருந்தது, கழிப்பறை கொடுத்த பிரிவிலும், கை கழுவும் வசதி கொடுத்த பிரிவிலும் 3.5 சதவீத அளவுக்கு இறங்கியது. அதே மாதிரி கென்யாவில் நடத்தியபோது எதிலுமே வயிற்றுப்போக்கு குறையவில்லை. ஜிம்பாப்வேயிலும் இல்லை. மூன்று நாட்டிலும் கொடுத்த பொருள்கள் ஏறக்குறைய ஒன்றுதான். வங்கதேசத்தில் ஊர்ப் பெண்களே பணியாளர்களாக மாதத்துக்குப் பல தடவை வீட்டுக்கு வந்துபோனார்கள். கென்யாவில் மாதத்துக்கு ஒரு தடவை போலத்தான். வித்தியாசத்துக்கு இது ஒன்றே காரணம் என்று சொல்ல முடியாது. ஆனால் வீட்டுக்கு வீடு நடக்க வேண்டிய காரியம் ஆள் போவதைப் பொறுத்தது என்பதை இது நன்றாகவே காட்டுகிறது. அதனால்தான் மாத்திரையை வீட்டில் கொடுப்பதைவிடத் தொட்டியில் கலப்பது எனக்குச் சரியாகப் படுகிறது.

வீட்டுக் குழாய்: தண்ணீரின் அளவு

ஜல் ஜீவன் திட்டம் 2019 ஆகஸ்ட் 15 அன்று அறிவிக்கப்பட்டது. வீட்டுக்கு ஒரு குழாய், ஆளுக்கு நாளொன்றுக்கு 55 லிட்டர் என்பது இலக்கு. ஆரோக்கியக் கணக்கில் இந்த 55 லிட்டருக்கு இருக்கும் மதிப்பைப் பலர் குறைத்து எடைபோடுகிறார்கள். வயிற்றுப்போக்கு, சொறி சிரங்கு, கண்நோய் போன்ற பல நோய்கள் தண்ணீர் கெட்டதால் மட்டும் வருவதில்லை, தண்ணீர் போதாததாலும் வருகின்றன. தூரத்திலிருந்து சுமக்கும் தண்ணீரில் சோறாக்குவார்கள், குடிப்பார்கள். குழந்தையின் கையைக் கழுவ ஊற்ற மாட்டார்கள். போய்வர அரைமணி நேரத்துக்கு மேலாகும் இடத்தில் ஒரு வீடு பிடிக்கும் தண்ணீர் வெகுவாகக் குறைந்துவிடும் என்பது பழைய ஆய்வுகளிலேயே தெரிந்த விஷயம். வாசலில் குழாய் வந்தால்தான் குளியல், துணி, பாத்திரம், கழிப்பறை எல்லாவற்றுக்கும் தாராளமாகப் புழங்குவார்கள்.

குழாய் வந்த பிறகு வேறு சிக்கல் தொடங்கும். காலையில் ஒரு மணி நேரம் தண்ணீர், மிச்ச நேரம் குழாய் காலி. அழுத்தம் போதாத தெருவில் மக்கள் என்ன செய்வார்கள்? வாசலில் இரண்டடி ஆழத்துக்குக் குழி தோண்டி, குழாயை அதற்குள் இறக்கி, குழிக்குள் குடத்தை வைத்துப் பிடிப்பார்கள். அந்தக் குழியை ஒரு தடவை குனிந்து பாருங்கள். பாத்திரம் கழுவிய தண்ணீர், கோழி எச்சம், ஒரு பிளாஸ்டிக் கவர், பக்கத்துக் கால்வாயில் இருந்து கசிந்தது, எல்லாம் சேர்ந்து குழாயின் வாயை மூடி நிற்கும். வால்வை அடைத்ததும் குழாய்க்குள் காற்று இழுக்கும். காற்றோடு குழியில் நிற்பதும் உள்ளே போகும். மறுநாள் முதல் தண்ணீரில் அது திரும்பி வரும், சில சமயம் அடுத்த வீட்டுக் குடத்தில். மேட்டுத் தெருவில் இரண்டு பேர் குழாயில் நேராக மோட்டாரை வைத்து உறிஞ்சினால் இந்த இழுப்பு இன்னும் மோசம்.

குழிக் குழாய்களை எடுத்து மேலே வைத்து, அந்தத் தெருவுக்குத் தனி வால்வு போட்டு, முறைவைத்து அழுத்தத்தோடு விடுவது பெரிய செலவில்லை. ஒரு பிளம்பரும் நாலைந்து நாள் வேலையும் போதும். ஆனால் திறப்பு விழாவுக்கு ஏற்ற வேலை இல்லை என்பதால் எந்தத் தலைவரும் இதைத் தேடிப்போய்ச் செய்வதில்லை. ஹூப்ளி-தார்வாட்டில் 24 மணி நேரத் தண்ணீர் கிடைத்த பகுதிகளையும் விட்டுவிட்டுக் கிடைத்த பகுதிகளையும் ஒப்பிட்டார்கள். எப்போதும் அழுத்தம் இருந்த குழாய்களில் மாசு தெளிவாகக் குறைவு. வயிற்றுப்போக்கு ஒட்டுமொத்தமாகக் குறையாவிட்டாலும் ஏழை வீட்டுக் குழந்தைகளுக்கு வரும் இரத்தக் கழிச்சல் குறைந்திருந்தது. கிராமத்தில் 24 மணி நேரம் கனவுதான், ஒத்துக்கொள்கிறேன். ஆனால் மூன்று நாளைக்கு ஒரு தடவை என்பதைத் தினமும் என்று ஆக்கினாலே சேமித்து வைக்கும் பாத்திரம் குறையும், அதில் முட்டையிடும் டெங்கு கொசுவும் குறையும்.

தண்ணீர் கடைசியில் போய்ச் சேரும் இடம் பெரும்பாலும் காலனியாகவே இருக்கும். அது தற்செயல் என்று நினைக்கிறவர் வரைபடத்தை எடுத்துப் பார்க்கலாம். 2022 டிசம்பரில் புதுக்கோட்டை மாவட்டம் வேங்கைவயலில், பட்டியல் சாதி மக்கள் குடிநீர் எடுத்த மேல்நிலைத் தொட்டியில் மலம் கலந்திருந்தது வெளியே வந்தது. தொட்டிக்கு மூடி, மூடிக்குப் பூட்டு, ஏணிக்குக் கதவு என்பதைச் செலவுப் பட்டியலில் கடைசியில் எழுதுகிறவர்கள் இதை நினைத்துக்கொள்வது நல்லது.

கழிப்பறை

பணமும் சண்டையும் அதிகம் உள்ள இடம் இதுதான். ஆய்வுகளும் இங்கேதான் நம்மைக் குழப்பும்.

ஒடிசாவின் பூரி மாவட்டத்தில் 100 கிராமங்களில் ஒரு சோதனை நடந்தது. 2014-இல் முடிவு வெளியானது. கழிப்பறை கட்டிய கிராமங்களில் கழிப்பறை உள்ள வீடுகள் 9 சதவீதத்திலிருந்து 63 சதவீதமாக உயர்ந்தன. குழந்தைகளின் வயிற்றுப்போக்கு? கட்டிய ஊரில் 8.8 சதவீதம், கட்டாத ஊரில் 9.1. வித்தியாசமே இல்லை என்று அர்த்தம். குடற்புழுவும் குறையவில்லை. மத்தியப் பிரதேசத்தில் 80 கிராமங்களில் நடந்ததிலும் இதே கதைதான். கட்டிடம் எழும்பியது, பலர் பழையபடி காட்டுக்கே போனார்கள். 2014-இல் வட மாநிலங்களில் எடுத்த ஒரு கணக்கெடுப்பில், நல்ல நிலையில் கழிப்பறை உள்ள வீடுகளிலேயே 40 சதவீதத்துக்கும் மேற்பட்டவற்றில் ஒருவராவது வெளியே போய்க்கொண்டிருந்தார்.

அதே ஒடிசாவில், கஞ்சம் பக்கம், கிராம் விகாஸ் என்ற அமைப்பு 1990-களின் தொடக்கத்திலிருந்து வேறு வழியில் வேலை செய்கிறது. ஒவ்வொரு வீட்டுக்கும் கழிப்பறை, குளியலறை, கூடவே மூன்று குழாய். ஊரில் எல்லா வீடும், ஒன்றுகூட விடாமல், சேர வேண்டும். எல்லாரும் கழிப்பறை கட்டி முடித்த பிறகுதான் தண்ணீரைத் திறப்பார்கள். வீட்டுக்குச் சராசரியாக ஆயிரம் ரூபாய் ஊர்ப் பொது நிதியில் போட வேண்டும். உயர்சாதித் தெரு குழாய் பெறக் கீழத்தெருவிலும் கழிப்பறை முடிந்திருக்க வேண்டும் என்ற நிபந்தனை என்னென்ன பேச்சுவார்த்தைகளைக் கிளப்பியிருக்கும் என்று நினைத்துப் பாருங்கள். இந்த ஊர்களைப் பற்றி வந்த ஓர் ஆய்வில், சிகிச்சைக்குப் போகும் அளவுக்கு வந்த வயிற்றுப்போக்கு 30 முதல் 50 சதவீதம் குறைந்திருந்தது. 2019-இல் வேறொரு குழு ஒப்பிட்டதில் வயிற்றுப்போக்கில் வித்தியாசம் தெரியவில்லை, ஆனால் குழந்தைகளின் உயரம் கூடியிருந்தது. இரண்டும் ஒன்றுக்கொன்று முழுக்கப் பொருந்தவில்லைதான். பூரியின் வெறும் கழிப்பறையைவிட இது மேல் என்பது மட்டும் தெரிகிறது.

என் பார்வையில், கழிப்பறைத் திட்டத்தில் வீடுவீடாகக் கூட்டிக்கொண்டே போவது வீண். ஊரில் கால்வாசிப் பேர் வெளியே போனாலும் ஈயும் கால் செருப்பும் மழைத்தண்ணீரும் மற்ற முக்கால்வாசி வீட்டுக்கும் அதைக் கொண்டுவந்து சேர்த்துவிடும். தண்ணீர் இல்லாமல் கழிப்பறை மட்டும் கட்டினால் அது விறகு வைக்கும் அறையாகிவிடும். ஒரு தடவை ஊற்ற மூன்று நாலு லிட்டர் தேவை, அதைச் சுமக்கும் பெண்ணுக்கு வயல்காடே சுலபம். இன்னொன்று, கைக்குழந்தையின் மலத்தை எல்லாரும் சாதாரணமாக நினைத்து வாசலோரத்தில் எறிந்துவிடுவார்கள். ஆடும் கோழியும் முற்றத்தில் போடுவதைக் கழிப்பறை ஒன்றும் செய்யாது. தவழும் குழந்தை இருக்கிற இடம் அதுதான்.

குழியைப் பற்றி ஒரு வார்த்தை, ஏனென்றால் பணம் பாழாவது அங்கேதான். அரசு சொல்வது இரட்டை உறிஞ்சுகுழி. சுமார் ஒரு மீட்டர் அகலம், ஒரு மீட்டர் ஆழத்தில் இரண்டு குழிகள், கான்கிரீட் உறை இறக்கியது. இரண்டுக்கும் நடுவே ஒரு சின்னத் தொட்டி; அதில் ஒரு பக்கத்தை அடைத்து ஒரு குழியை மட்டும் பயன்படுத்த வேண்டும். ஐந்தாறு பேர் உள்ள வீட்டில் அது நிரம்பச் சில வருடங்கள் ஆகும். நிரம்பியதும் அடைப்பை மாற்றினால் அடுத்த குழி. முதல் குழியை ஓரிரு வருடம் மூடி வைத்தால் உள்ளே இருப்பது வாடையில்லாத மண்ணாகிவிடும். நல்ல ஏற்பாடு. ஆனால் நேரில் பார்த்தால், பல வீடுகளில் அந்தச் சின்னத் தொட்டியில் அடைப்பே இருக்காது, இரண்டு குழியும் ஒன்றாக நிரம்பிக்கொண்டிருக்கும். சில இடங்களில் கொத்தனார் ஒரு குழியிலிருந்து இன்னொன்றுக்குக் குழாய் போட்டு வரிசையாக இணைத்திருப்பார். அப்படியானால் எதுவுமே மட்காது, இரண்டும் ஒரே நாளில் பொங்கும். வசதியானவர்களோ செப்டிக் டேங்க் என்று சொல்லிக்கொண்டு, அடியில் பூசாத பெரிய குழியை வெட்டி வைத்துவிடுவார்கள். நிலத்தடி நீர் உயர்ந்திருக்கும் ஊரில், பத்து மீட்டருக்குள் போர் இருந்தால் என்னவாகும் என்பதைச் சொல்ல வேண்டியதில்லை. அந்தக் குழி நிரம்பினால் லாரி வர வேண்டும். லாரி வராத ஊரில் ஓர் ஆளை இறக்குவார்கள். 2013-ஆம் ஆண்டுச் சட்டம் அதைத் தடை செய்திருக்கிறது. இருந்தும் சாவுச் செய்தி நின்றபாடில்லை.

ஆகவே புதுக் கழிப்பறை எண்ணிக்கையைக் கூட்டுவதைவிட, கட்டியிருக்கிற கழிப்பறைகளின் நடுத்தொட்டியைத் திறந்து பார்த்துச் சரிசெய்வதே இப்போது லாபம். ஒரு கொத்தனாருக்கு வீட்டுக்கு அரைநாள் வேலை.

நோய்க் கணக்கை மட்டும் வைத்துக் கழிப்பறையை மதிப்பிடுவதும் நியாயமில்லை. இருட்டும்வரை அடக்கிக்கொண்டிருக்கும் பெண்ணுக்கும், முழங்கால் மடங்காத பாட்டிக்கும் அது வயிற்றுப்போக்குப் புள்ளிவிவரம் அல்ல. பூரியின் முடிவைக் காட்டிக் கழிப்பறை வேண்டாம் என்று யாராவது சொன்னால் அவர் வீட்டில் எத்தனை கழிப்பறை என்று கேளுங்கள்.

சோப்பு

கராச்சியில் 2005-இல் வெளியான ஓர் ஆய்வு: சோப்பு கொடுத்து, வாராவாரம் வீட்டுக்குப் போய்ப் பேசியதில், குழந்தைகளின் வயிற்றுப்போக்கும் நிமோனியாவும் பாதியாகக் குறைந்தன. சாதாரணச் சோப்பும் கிருமிநாசினிச் சோப்பும் ஒரே பலனைத் தந்தன என்பது கூடுதல் செய்தி. விளம்பரத்துக்குக் காசு கொடுக்க வேண்டாம். ஆனால் "வாராவாரம்" என்ற சொல்லைக் கவனியுங்கள். கை கழுவும் தினத்தன்று பள்ளியில் வரிசையாக நிறுத்திப் படம் எடுப்பதால் இது நடக்காது.

சின்ன இடைஞ்சல்கள்தான் பெரும்பாலும் தடை. சோப்பைத் திண்ணையில் வைத்தால் காக்கை தூக்கிக்கொண்டு போகும். உள்ளே வைத்தால் கழிப்பறையிலிருந்து வருகிறவர் அதுவரை போக மாட்டார். வங்கதேசத்தில் ஒரு பாட்டிலில் சோப்புத்தூள் கரைத்த தண்ணீரைக் குழாய்க்குப் பக்கத்திலேயே வைத்தார்கள். காக்கைக்கும் ஆகாது, செலவும் இல்லை. ஊராட்சி செய்ய முடிந்தது பள்ளியிலும் அங்கன்வாடியிலும் மதிய உணவுக்கு முன் நாற்பது குழந்தைகள் ஒரே நேரத்தில் கழுவும்படி நீளக் குழாய் வைத்து, சோப்பு தீராமல் பார்த்துக்கொள்வது. வீடுகளில் மாற்றம் கொண்டுவர மகளிர் சுயஉதவிக் குழுவிலிருந்து ஓர் ஆளுக்கு மாதாமாதம் ஏதாவது கொடுத்தாக வேண்டும்.

ஆர்.ஓ. பிளான்ட்

தலைவர்களுக்கு மிகவும் பிடித்தது. ஐந்து ரூபாய்க் காசு போட்டால் ஒரு குடம் பளிச்சென்று வரும், கல்வெட்டில் பெயரும் இருக்கும்.

தண்ணீரில் ஃபுளோரைடோ உப்போ அதிகம் என்றால் இது தேவை, சந்தேகமில்லை. தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களில் பழுப்பேறிய பற்களோடும் வளைந்த எலும்புகளோடும் வாழ்ந்தவர்களுக்காகத்தான் ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் வந்தது, 2013-இல். ஃபுளோரைடு லிட்டருக்கு 1.5 மில்லிகிராமைத் தாண்டினால் குளோரின் அதை ஒன்றும் செய்யாது. காய்ச்சினால் இன்னும் அடர்த்தியாகும். ஆனால் இந்தப் பிரச்சினை இல்லாத ஊரில் கிருமிக்காக ஆர்.ஓ. வைப்பது, காய்ச்சலுக்கு அறுவை சிகிச்சை செய்வது போல. பாதிக்கு மேல் தண்ணீர் கழிவாகப் போகும், அதில் உப்பு செறிந்திருக்கும், பெரும்பாலும் குளத்தில்தான் விடுவார்கள். சவ்வு மாற்றக் காசு இல்லாமல் மூன்றாம் வருடம் பூட்டுப் போட்ட பிளான்ட்டுகளைப் பார்க்காதவர் யார்? அதோடு, ஆர்.ஓ. தண்ணீரில் மீதக் குளோரின் இல்லை. வீட்டில் குடத்துக்குள் டம்ளரோடு கையை விட்டு மொண்டதும் அதுவும் பழைய தண்ணீர்தான். காசு இல்லாத வீடு அன்றைக்குக் குழாய்த் தண்ணீரையே குடிக்கும். அந்தக் குழாயை யாரும் கவனிக்க மாட்டார்கள், அதுதான் பிளான்ட் இருக்கிறதே என்பார்கள்.

அப்படியானால் வரிசை

முதலில் ஆய்வகப் பரிசோதனை. ஃபுளோரைடு, உப்பு, நைட்ரேட் அளவு தெரியாமல் எதையும் தொடக் கூடாது. கிருமி இருக்கிறதா என்று பார்க்கும் சின்னக் குப்பிகளும் உண்டு. தண்ணீரை ஊற்றி ஒன்றிரண்டு நாள் வைத்தால் மலக் கலப்பு இருந்தால் கறுப்பாகும். ஜல் ஜீவன் திட்டத்தில் ஊருக்கு ஐந்து பெண்களுக்கு இந்தப் பயிற்சி கொடுப்பதாக ஏற்பாடு. அவர்கள் யார் என்று உங்கள் ஊரில் கேட்டுப் பாருங்கள்.

ரசாயனச் சிக்கல் இல்லையென்றால் நான் பணத்தைப் போடும் வரிசை இது: தொட்டியில் தினசரி குளோரின், கூடவே தொட்டி சுத்தம், மூடி, பூட்டு. அடுத்து குழிக் குழாய்களை எடுப்பதும் கடைசித் தெருவுக்கு அழுத்தம் கொடுப்பதும். அப்புறம் கழிப்பறைக் குழிகளைத் திருத்துவது, விட்டுப்போன வீடுகளை ஒன்றுவிடாமல் சேர்ப்பது. பள்ளிக் கை கழுவும் இடம் இதோடு கூடவே நடக்கலாம், பெரிய தொகை இல்லை. ஆர்.ஓ. கடைசி. பரிசோதனையில் ஃபுளோரைடு வந்தால் இந்த வரிசை அப்படியே புரளும்; கூட்டுக் குடிநீர் இணைப்போ ஆர்.ஓ.வோதான் முதல், அதுவும் குடிக்கவும் சமைக்கவும் மட்டும். ஊற்றுத் தண்ணீர் குடிக்கும் மலைக்கிராமத்தில் ஊற்றுவாயைக் கல்கட்டி மூடிக் குழாய் வைப்பதே முதல் வேலை. கென்யாவில் ஊற்றுகளை அப்படிப் பாதுகாத்ததில் குழந்தைகளின் வயிற்றுப்போக்கு கால்பங்கு குறைந்தது.

இந்த வரிசையில் ஒரு முட்டுக்கட்டை இருக்கிறது. நிதிக்குழு மானியத்திலிருந்து சம்பளம் கொடுக்க விதி இடம் தராது. சிமென்ட்டும் குழாயும் வாங்கலாம், ஆளை வைக்க முடியாது. ஆபரேட்டரின் சம்பளம் ஊராட்சிப் பொது நிதியிலிருந்து, அதாவது வீட்டு வரி, குடிநீர்க் கட்டணம் இவற்றிலிருந்துதான் வர வேண்டும். குடிநீர்க் கட்டணத்தை வசூலிக்கத் தயங்கும் ஊரில் இந்தக் கட்டுரையில் சொன்ன எதுவும் இரண்டு வருடத்துக்கு மேல் ஓடாது.

மார்ச் 22 தண்ணீர் தினக் கிராம சபையில் தீர்மானம் எழுதும்போது மூன்று விஷயங்களைக் கேட்டு எழுத வைக்கலாம். கடைசித் தெருக் குழாயில் குளோரோஸ்கோப் வைத்துப் பார்த்த அளவு வாராவாரம் எந்தப் பலகையில் எழுதப்படும், எழுதுவது யார். ஆபரேட்டரின் புதுச் சம்பளம் எவ்வளவு, எந்தக் கணக்கிலிருந்து. அவருக்குக் காய்ச்சல் வந்தாலோ அவர் தங்கை கல்யாணத்துக்குப் போனாலோ அந்த நாலு நாளும் மருந்து போடப்போகிற ஆளின் பெயர்.